பதினாறரைப் புள்ளி

அலுவலகத்தில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று பட்டியல் போட்டு அனுப்பும்படி தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது, முதல் ஆபத்து அந்தச் சுற்றறிக்கைதான் என்று எனக்குத் தோன்றியது. படிவத்தில் அதை எழுத இடம் விடவில்லை.

எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். போன வருடம் ஓய்வு பெற்றவன் நான். என் ஓய்வூதியக் கோப்பு இன்னும் ஒரு மேசையிலிருந்து இறங்கி இன்னொரு மேசைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. காரைக்குடியில், மக்கள் மனுவோடு வந்து, நாளைக்கு வரச் சொல்லப்பட்டு, நாளைக்கும் வருகிற அலுவலகம் அது. நான் அங்கே உதவியாளர். உதவியாளர் என்றால், மேலே உள்ளவர்கள் செய்ய விரும்பாததையும் கீழே உள்ளவர்கள் செய்யத் தெரியாததையும் செய்கிறவர். எனவே இடர் மேலாண்மைத் திட்டம் என்னிடம் வந்து சேர்ந்தது.

அதற்காகச் சிவகங்கையில் அரை நாள் பயிற்சி. ஆபத்து என்று சொல்லக்கூடாது, இடர் என்று சொல்ல வேண்டும் என்பதுதான் முதல் பாடம். நியாயம்தான். ஆபத்து என்றால் எழுந்து ஓடத் தோன்றும். இடர் என்றால் கோவிலூர் மடத்தில் யாரோ பதிகம் பாடுவதைக் கேட்கிற மாதிரி இருக்கும், உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்ளலாம்.

இரண்டாவது பாடம் கணக்கு. ஒவ்வோர் இடரும் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போட வேண்டும். நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்று இன்னோர் எண். இரண்டையும் பெருக்கினால் வருவது இடர் புள்ளி. ஐந்து வரை பச்சை, பதினைந்து வரை மஞ்சள், அதற்கு மேல் போனால் சிவப்பு. சிவப்பு வந்துவிட்டால் வாராவாரம் புகைப்படத்தோடு அறிக்கை அனுப்ப வேண்டும். கடைசியாக 'இடர் உரிமையாளர்' என்று ஒரு கட்டம். அந்த இடருக்குப் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவியை அதில் எழுத வேண்டும். அதைப் பயிற்சியாளர் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது. உருளைக்கிழங்கு வறுவல் நன்றாக இருந்தது. மற்றது அவ்வளவாக நினைவில்லை.

திரும்பி வந்து மற்றவர்களுக்கு நான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கொடுத்தேன். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் பதிவறை எழுத்தர் முகப்பில் ஒரு பெரியவருக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்புறம் சொல்லவில்லை.

பதிவறை எழுத்தரான அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுவயல் பக்கம் விவசாயக் குடும்பம். கணவர் எங்கள் துறையில்தான் இருந்தார். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. கருணை அடிப்படையில் இவருக்கு வேலை கிடைத்தது. வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். அரிசி ஆலை லாரிகளுக்கு நடுவே நெளிந்து வருகிற பஸ்ஸில் தினமும் வந்து, எல்லாருக்கும் முன்னால் பதிவறையைத் திறந்து வைத்திருப்பார். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எந்தக் கோப்பு எந்தக் கட்டில் இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவரை யாரும் மாற்றவும் இல்லை, அவர் சொன்னதை யாரும் கேட்கவும் இல்லை.

அலுவலகம் இருந்தது ஒரு பழைய செட்டியார் வீட்டில், வாடகைக்கு. முகப்பில் பொதுமக்கள் நிற்பார்கள். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றிய அறைகளில் நாங்கள். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டில் பதிவறை. வீட்டுக்காரர்கள் ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்விட்டார்கள். தேவகோட்டையில் இருக்கும் ஓர் ஆச்சிதான் எல்லாருக்குமாக வீட்டைப் பார்த்துக்கொண்டார்.

பதிவறையின் மேல்தளத்தைத் தாங்கியது ஒரு தேக்கு உத்தரம். அது சுவரில் ஏறியிருந்த இடம் மழைத்தண்ணீர் இறங்கி இறங்கி இற்றுப்போயிருந்தது. தேக்குக்கு ஒன்றும் ஆகாது என்று நாங்கள் தேக்கின் மேல் பாரத்தைப் போட்டோம். உருவகமாகச் சொல்லவில்லை. உடைந்த மேசைகளையும் துருப்பிடித்த பீரோக்களையும் மொட்டை மாடியில், சரியாக அந்த அறைக்கு மேலே அடுக்கி வைத்திருந்தோம். அவற்றைக் கழித்துக்கட்ட அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு நான் பணியில் இருந்தவரை பதில் வரவில்லை. அறையில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடம் ஒன்றே ஒன்று. அங்கேதான் அந்தப் பெண்ணின் மேசை. நிமிர்ந்து பார்த்தால் உத்தரத்தின் இற்ற முனை.

மேசையை வேறு இடத்துக்கு மாற்றித் தரும்படி மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்றுக்கும் நான்தான் பதில் தட்டச்சு செய்தேன். 'பரிசீலனையில் உள்ளது.' கடைசியில் ஒரு மழை நாளில் அவரே மேசையை இழுத்து வளவு நடையில் போட்டுக்கொண்டார். கண்காணிப்பாளர் தினமும் அதை இடித்துக்கொண்டு போவார், முணுமுணுப்பார். அத்தோடு சரி.

இந்த நிலையில்தான் திட்டக்குழு கூடியது. தலைவர் கண்காணிப்பாளர். நல்ல மனிதர், சாமி கும்பிடாமல் பேனாவைத் திறக்க மாட்டார். நான் பட்டியலைப் படித்தேன். முதல் வரியிலேயே கையைத் தூக்கினார்.

"தீ விபத்துன்னா எழுதியிருக்கீக? நல்ல நாளும் அதுவுமா இதென்ன வாய்? மாத்துங்க."

"வேற எப்படி சார் எழுதுறது?"

யோசித்தார். "எதிர்பாராத வெப்பம்."

எழுதிக்கொண்டேன். அடுத்தது, பதிவறையில் பாம்பு நுழைதல். வெள்ளிக்கிழமையில் அந்தப் பேரைச் சொல்லாதீர்கள் என்று அதட்டினார். 'பூச்சி நடமாட்டம்' ஆயிற்று. பின்னாளில் அதைப் படித்த தலைமை அலுவலகம் கொசு மருந்து அடித்துக்கொள்ளச் சொல்லிப் பதில் போட்டது. மூன்றாவது, பதிவறைக் கூரை இடிந்து விழுதல்.

"ஐயையோ! கூரை விழும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு மேல அனுப்புறதா? எழுத்துக்குப் பலம் உண்டுங்க. நம்மளே விழ வச்ச மாதிரி ஆயிரும்."

அது 'மேல்தளத்தின் நிலையில் மாற்றம்' என்று ஆனது. மாற்றம் மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்று சொல்லாமல் விட்டதில்தான் எங்கள் நிர்வாகத் திறமை இருந்தது. இப்படியாக ஒரு கெட்ட சொல் இல்லாமல் பதின்மூன்று இடர்களை எழுதி முடித்தோம். பட்டியலைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை தோற்றுவிடும். அந்தந்த வரியில் எண்களைப் போடும்படி படிவம் பிரிவு பிரிவாகப் போயிற்று. பதிவறை வரி அந்தப் பெண்ணிடம் போயிற்று. அது திரும்பி வந்ததும், என்ன எழுதியிருக்கிறது என்று யோசிக்காமல் அப்படியே கணினியில் ஏற்றினேன். கட்டம் சிவப்பாக மாறியது. பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன். ஓர் இளம் அதிகாரியின் குரல்.

"சார், உங்க திட்டத்துல மேல்தளத்துக்குப் பதினாறரைப் புள்ளி போட்டிருக்கீங்க. அரை எப்படி வரும்? எந்த ரெண்டு முழு எண்ணைப் பெருக்கினாலும் அரை வராதே."

மேல்தளத்துக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அரை எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருடைய கவலை. எனக்கும் அன்றைக்கு அதுதான் கவலை. பதிவறைக்குப் போய்க் கேட்டேன்.

"ஏம்மா, இந்தப் பதினாறரை எங்கருந்து புடிச்ச?"

"ஆச்சிக்குப் போன் போட்டுக் கேட்டேண்ணே," என்றார். குரலில் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்ட நிம்மதி. "உரிமையாளர்னு ஒரு கட்டம், புள்ளின்னு ஒரு கட்டம் இருந்துச்சுல்ல? இந்த வீட்டுக்கு எத்தனை புள்ளி ஆச்சின்னு கேட்டேன். அவுக முறையில கல்யாணம் ஆன புருசன் பொஞ்சாதி சேந்து ஒரு புள்ளியாம். ஒருத்தர் போயிட்டா மிச்சம் இருக்கிறவுக அரைப் புள்ளியாம். இந்த வீட்டுப் பங்குல பதினாறு சோடி இருக்காக. ஆச்சி புருசன் இல்லாதவுக, அதனால அரை."

இந்தப் பக்கத்தில் புள்ளி என்றால் குடும்பக் கணக்கு. கோவில் வரி போடுவதும் அப்படித்தான். சென்னையில் உட்கார்ந்து படிவம் அடித்தவருக்கு அது தெரியாது. இங்கே உட்கார்ந்து நிரப்பியவருக்கு வேறு அர்த்தம் தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன், பத்து நிமிடப் பயிற்சியாளன். அலுவலகம் முழுக்கச் சிரித்தது. கண்காணிப்பாளர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தப் பெண்ணும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும்தான்.

சிரித்து முடித்த பிறகும் ஒருவருக்கும் உறைக்காத விஷயம் ஒன்று உண்டு. மொத்தத் திட்டத்திலும் உண்மையைச் சொன்ன எண் அது ஒன்றுதான். தப்பாகக் கேட்டு, தப்பாக எழுதி, சரியாகச் சிவப்பில் போய் விழுந்திருந்தது.

"பெருக்கினா வர்ற மாதிரி ஏதாச்சும் போட்டு அனுப்பிச்சு விடுங்க," என்று கண்காணிப்பாளர் என்னிடம் விட்டுவிட்டார்.

பக்கத்தில் இருந்தது பதினாறு. நான்கு தடவை நான்கு. நியாயமாக அதைத்தான் போட்டிருக்க வேண்டும். ஆனால் பதினாறும் சிவப்பு. சிவப்பு என்றால் வாராவாரம் ஸ்டூலில் ஏறி உத்தரத்தைப் படம் பிடித்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்புவது யார்? நான். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லை, முழங்கால் வலி வேறு. வாய்ப்பு இரண்டு, பாதிப்பு இரண்டு என்று போட்டேன். பெருக்கினேன். நாலு. கட்டம் பச்சையாக மாறியது. யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. ஒரு ஸ்டூலில் ஏறுவதற்குச் சோம்பல்பட்டுக்கொண்டு எழுதினேன்.

பாதிப்பு இரண்டு என்றால் என்ன என்று படிவத்தின் அடியில் விளக்கம் இருந்தது. 'சிறு அசௌகரியம்.'

திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. சுருள் கம்பி போட்டு, மேலே கண்ணாடித்தாள் அட்டை வைத்து மூன்று பிரதி எடுத்தோம். ஒன்றைப் பதிவறையில் பத்திரப்படுத்தக் கொடுத்தபோது கண்காணிப்பாளரும் கூட வந்தார். வளவு நடையில் கிடந்த மேசையைக் காட்டினார்.

"இனிமே என்னம்மா? அதான் பச்சைன்னு வந்திருச்சே. மேசைய உள்ள போடு. நடந்து போற பாதையை மறிச்சுக்கிட்டு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "சரியாத்தான் பாத்துப் போட்டிருக்கீகளாண்ணே?"

"எல்லாம் முறைப்படி போட்டாச்சும்மா," என்றேன்.

அது பொய் இல்லை. முறைப்படிதான் போட்டிருந்தேன். அவர் மேசையை ஒரு பக்கம் பிடித்தார். இன்னொரு பக்கம் நான் பிடித்து, உள்ளே கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் போட்டுக் கொடுத்தேன்.

உரிமையாளர் கட்டத்தில் ஆச்சி வீட்டார் என்று எழுதியிருந்ததை மட்டும் யாரும் திருத்தவில்லை. பதில் சொல்ல வேறொருவர் கிடைத்தால் எந்த அலுவலகம் வேண்டாம் என்று சொல்லும்? திட்டத்தின் விதிப்படி ஆச்சிக்குப் பதிவுத் தபால் போயிற்று. 'தங்களுக்கு உரிமையான இடரைத் தாங்கள் முறையாக மேலாண்மை செய்து, விவரத்தை இவ்வலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.' அதையும் தட்டச்சு செய்தது நான்தான். எங்கள் அலுவலகம் அனுப்பிய கடிதம் ஒன்றைப் படித்துவிட்டு உடனே கிளம்பி வந்த ஒரே ஆள் அந்த ஆச்சிதான்.

ஒரு கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வேனில் முட்டுக் கொடுக்கப் பத்துப் பன்னிரண்டு கம்புகள்.

"வீடு எங்களுதுன்னு தெரியும். இடரும் எங்களுதுன்னு உங்க காயிதத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்," என்றார் கண்காணிப்பாளரிடம். "சரி, எங்களுதுன்னா நாங்கதானே பாக்கணும். எங்க இருக்கு, காட்டுங்க."

கண்காணிப்பாளர் நாற்காலி போடச் சொன்னார், காபி வாங்கி வரச் சொன்னார், முட்டுக் கொடுக்க மட்டும் முடியாது என்றார். அரசு குடியிருக்கும் கட்டடத்தில் மேலிட அனுமதி இல்லாமல் ஓர் ஆணி அடிக்கக்கூடாது. தவிரவும், திட்டப்படி அது பச்சை. பச்சையில் இருக்கிறதற்கு எப்படி அனுமதி கேட்டு எழுதுவது?

ஆச்சி பதிவறை வாசலில் நின்று மேலே பார்த்தார். கொத்தனார் நாக்கைச் சப்புக் கொட்டினார். ஆச்சியின் கண் அப்படியே கீழே இறங்கி அந்தப் பெண்ணிடம் வந்து நின்றது.

"நீ ஏன் ஆத்தா அங்குட்டு உக்காந்திருக்க? எந்திரிச்சு இங்குட்டு வா."

அந்தப் பெண் பாதி எழுந்தார். கண்காணிப்பாளரைப் பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், பெரிய மனுசியின் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிற மரியாதையான சிரிப்பு. பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த கோப்பைப் புரட்டினேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அனுமதி வந்ததும் சொல்லியனுப்புங்கள் என்று ஆச்சி கம்புகளை முகப்பில் சாத்தி வைத்துவிட்டுப் போனார். அவை மனு கொடுக்க வருகிறவர்களின் காலை இடறின. அதனால் திட்டத்தில் பதினான்காவது இடராக 'முகப்பில் கம்புகள் தடுக்கி விழுதல்' சேர்க்கப்பட்டது. அதற்கு நான் போட்டது ஒன்பது. மஞ்சள். கூரைக்கு நாலு, கூரையைத் தாங்க வந்த கம்புக்கு ஒன்பது. இதைத் தலைமை அலுவலகம் ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது. மூன்றையும் மூன்றையும் பெருக்கினால் ஒன்பது வருகிறதே.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் மழை விட்டு வெறித்திருந்தது. முற்பகல். டீக்காரர் அப்போதுதான் வந்து கிளாஸ்களை வைத்துக்கொண்டிருந்தார். மேலே பீரோவை யாரோ நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நம் பீரோவை எடுத்துப்போக அனுமதி வந்துவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் கேலியாகச் சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை. வீடே அதிர்ந்தது. வளவு முழுக்கச் சுண்ணாம்புப் புழுதி.

உத்தரத்தின் ஒரு முனை இறங்கி மேசை மேல் கிடந்தது. அதன் மேல் செங்கல், அதற்கு மேல் எங்கள் பீரோ. அந்தப் பெண்ணின் இடது கை மட்டும் வெளியே தெரிந்தது, அதில் நீல மையோடு ரப்பர் முத்திரை. வெறுங்கையால் ஒன்றையும் அசைக்க முடியவில்லை. யாரோ முகப்புக்கு ஓடிப்போய் ஆச்சியின் கம்புகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அவற்றைக் கொடுத்துத்தான் உத்தரத்தை நெம்பினோம். மனு கொடுக்க வந்தவர்கள்தான் நெம்பினார்கள். கண்காணிப்பாளர் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே செங்கல் செங்கலாக எடுத்துப் போட்டார். எனக்கோ எடுத்ததெல்லாம் நழுவியது. ஒரு செங்கலைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை.

உயிர் தப்பியது, மேசை பழைய மரம் என்பதால். வலது தோள்பட்டை எலும்பு நொறுங்கியது. வலது கை விரல்கள் மூன்று நசுங்கின.

அடுத்த வாரம் நிகழ்வு அறிக்கைப் படிவம் வந்தது. 'இந்த இடர் திட்டத்தில் முன்கூட்டியே கண்டறியப்பட்டிருந்ததா?' ஆம், வரிசை எண் மூன்று. 'உரிமையாளருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டதா?' ஆம், பதிவுத் தபாலில். 'மீட்புக்குத் தேவையான பொருட்கள் வளாகத்தில் தயாராக இருந்தனவா?' ஆம், கம்புகள். என் முப்பது வருடப் பணியில் எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று நான் எழுதிய ஒரே படிவம் அது. முன்னேற்பாட்டைப் பாராட்டித் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கண்காணிப்பாளர் அதைச் சட்டம் போட்டு முகப்பில் மாட்டினார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன். வேறு வழியாகப் போக அந்த வீட்டில் வழி இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. வேலை அதிகம் என்று வீட்டில் சொன்னேன். பயம் என்பதுதான் உண்மை. ஒரு மாலையில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், பேசிக்கிட்டு இருங்க தம்பி என்று பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே போனார். அந்தப் பெண்ணின் வலது கைக்குத் தோளிலிருந்து விரல் வரை கட்டுப் போட்டிருந்தது.

பதிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். மழையில் நனைந்த கோப்புக்கட்டுகளை எங்கே வைத்தோம் என்று கேட்டார். சொன்னேன். டாக்டர் என்ன சொல்கிறார் என்று நான் கேட்டேன்.

"கையெழுத்துப் போட வருமான்னு இன்னும் சொல்ல மாட்டேங்கிறாகண்ணே."

பிறகு விட்டத்தைப் பார்த்தபடி கோபம் ஒன்றும் தெரியாத குரலில் கேட்டார்.

"நான் எழுதின பதினாறரைய அடிச்சுட்டீகள்ல, அதுக்குப் பதிலா எத்தனை புள்ளிண்ணே போட்டீக?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் தட்டச்சு செய்தவன். பரிசீலனையில் உள்ளது என்றுகூட வாயில் வந்தது.

"நாலும்மா."

"நாலா?" என்றார். முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். "கூடத்தான் போட்டிருக்கீகண்ணே. ஆச்சி கணக்குப்படி நான் அரைதானே."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். நான் ஆரஞ்சுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றை உரித்துக் கொடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.